வாய் பாடட்டும்... விரல் பின்னால் வரட்டும்! - ஜாஸ் கிடார் கற்பவர்களுக்கு ஒரு பழைய வழி

ஸ்கேல் எல்லாம் மனப்பாடம். கார்டுகள் அத்துப்படி. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட நான்கைந்து சோலோக்களைப் பிசகில்லாமல் வாசிக்கவும் தெரியும். ஆனால், பின்னணி இசையை ஓடவிட்டு, ‘இப்போ நீயா ஏதாவது வாசி’ என்று ஆசிரியர் சொன்னால்? ஸ்கேல் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, மறுபடியும் மேலே ஏறுகிறது. தப்பான ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. கேட்பதற்கும் ஒன்றும் இல்லை.

ஜாஸ் கிடார் கற்பவர்கள் பலரும் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இது. இந்த இடத்தில்தான், ‘நமக்குக் கற்பனை வராதுபோல’ என்று முடிவுகட்டி, கிடாரை உறைக்குள் போட்டுவிடுகிறார்கள்.

இதே ஆள் குளியலறையில் முணுமுணுப்பதைக் கேட்டுப் பாருங்கள். பிடித்த பாட்டின் இரண்டாவது வரியைத் தன் இஷ்டத்துக்கு இழுப்பார், நடுவில் நிறுத்துவார், ஒரு சங்கதி சேர்ப்பார். யாரும் சொல்லித் தரவில்லை. கற்பனை அவரிடம் தாராளமாகவே இருக்கிறது. அது தொண்டை வரை வருகிறது, விரலுக்குத்தான் வந்து சேரவில்லை.

அந்தப் பாதையைத் திறக்க ஜாஸ் உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வழி ஒன்று உண்டு. வாசிப்பதைப் பாடு. பாட முடிந்ததை மட்டும் வாசி!

மனோதர்மம் மாதிரிதான்

ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு பாட்டுக்கு மெட்டும், அதன் அடியில் வரிசையாக நகரும் கார்டுகளும் இருக்கும். கலைஞர்கள் முதலில் மெட்டை வாசிப்பார்கள். பிறகு கார்டு வரிசை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். அதன் மேல் ஒவ்வொருவரும் அந்த நொடியில் புதிதாக ஒரு மெட்டைக் கட்டிக்கொண்டே போவார்கள். இதற்குப் பெயர் இம்ப்ரொவைசேஷன். கச்சேரியில் கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. அங்கே ராகமும் தாளமும் எல்லை, இங்கே கார்டுகளும் தாளமும் எல்லை.

முன்கூட்டி எழுதாததை வாசிக்க வேண்டும் என்றால், அடுத்து என்ன வரப்போகிறது என்று மனதுக்குள் கேட்டாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

விரல் போடும் ஆட்டம்

பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். கிடார் அப்படியல்ல. முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ‘ஈ’ ஸ்வரம் வரும். அதே ஒலி இரண்டாவது தந்தியில் 5-வது ஃபிரெட்டில் இருக்கிறது. மூன்றாவது தந்தியில் 9, நான்காவதில் 14, ஐந்தாவதில் 19. ஒரே ஸ்வரத்துக்கு ஐந்து முகவரி!

இந்தக் குழப்பத்தைச் சமாளிக்க, கிடார் கற்பவர்கள் ஸ்வரங்களை வடிவங்களாக மனப்பாடம் செய்கிறார்கள். ‘இந்த ஸ்கேலுக்கு இந்தப் பெட்டி, அந்த ஸ்கேலுக்கு அந்தப் பெட்டி’ என்று. இது வசதியான வழிதான். ஆனால், நாளடைவில் கண்ணும் விரலும் சேர்ந்து வேலையை முடித்துவிடுகின்றன. காதுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அடுத்து என்ன ஒலி வரப்போகிறது என்று தெரியாமலே மணிக்கணக்கில் வாசிக்கலாம். பழகிய சாலையில் வண்டி ஓட்டுகிறவர் வேறு ஏதோ யோசனையிலேயே வீடு வந்து சேர்வதைப் போல.

இன்னொன்று, மூச்சு. சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் வாசிப்பவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியே ஆக வேண்டும். அந்த இடைவெளிதான் இசையை வாக்கியங்களாகப் பிரிக்கிறது. கிடாருக்கு மூச்சு தேவையில்லை. 12 பார் ப்ளூஸ் ஒரு சுற்றுக்கு 48 தட்டு. நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் அது 48 விநாடி. கிடாரில் அந்த 48 விநாடியையும் நிறுத்தாமல் நிரப்பிவிடலாம். கமா, முற்றுப்புள்ளி எதுவுமே போடாமல் ஒருவர் பேசினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

கூடவே பாட ஆரம்பித்தால் இந்த இரண்டு வியாதிகளும் உடனே வெளியே தெரிந்துவிடும். மனதில் கேட்காத ஸ்வரத்தை வாயால் பாட முடியாது. மூச்சு முட்டினால் நிறுத்தாமல் இருக்கவும் முடியாது.

பாடிக்கொண்டே வாசித்தவர்கள்

சொற்களே இல்லாமல், வாத்தியம் போல வாயால் பாடுவதை ஜாஸில் ‘ஸ்காட்’ என்பார்கள். 1926-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ‘ஹீபி ஜீபீஸ்’ அதைப் பரவலாக்கியது. அவர் ட்ரம்பெட் ஊதுவதற்கும் பாடுவதற்கும் நடை ஒன்றே.

பாட்டையும் வாத்தியத்தையும் ஒரே நேரத்தில் இணைத்துப் பெயர் வாங்கியவர் டபுள் பேஸ் கலைஞர் ஸ்லாம் ஸ்டூவர்ட். ரே பெர்ரி என்பவர் வயலின் வாசித்தபடியே பாடுவதைக் கேட்டு, அதைத் தன் வாத்தியத்துக்குக் கொண்டுவந்தார். வில்லால் பேஸை இழுத்துக்கொண்டே, அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே முனகுவார். அதுவே அவருடைய முத்திரையானது.

கிடாரில் இந்த வித்தையை உலகம் முழுக்க வீட்டு ரேடியோ வரை கொண்டுபோனவர் ஜார்ஜ் பென்சன். 1943-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாடகர். 1976-ல் வெளியான அவருடைய ‘ப்ரீஸின்’ ஆல்பத்தில் ‘திஸ் மாஸ்கரேட்’ என்ற ஒரே ஒரு பாட்டில்தான் அவர் குரல் வரும். தொடக்கத்திலேயே கிடாரும் குரலும் ஒரே மெட்டில் ஒட்டிக்கொண்டு ஓடும். எது தந்தி, எது தொண்டை என்று பிரிக்கவே முடியாது. அடுத்த ஆண்டு, ‘ரெக்கார்ட் ஆஃப் தி இயர்’ கிராமி விருது அந்தப் பாட்டுக்குக் கிடைத்தது.

அதற்கடுத்த தலைமுறையில், 1970-ல் பிறந்த கர்ட் ரோஸன்விங்கிள். சட்டையில் சின்ன மைக் மாட்டிக்கொண்டு, தான் முனகுவதையும் கிடார் ஒலியோடு கலந்துவிடுவார். பென்சனிடம் குரல் முன்னால் நிற்கும். இவரிடம் அது கிடாருக்குப் பின்னால் நிழல் போல வரும்.

முதல்ல பாடு, அப்புறம் தொடு

இது மேடைக்கான அலங்காரம் மட்டும்தான் என்று நினைத்தால், லென்னி ட்ரிஸ்டானோவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வையற்ற பியானோ கலைஞர். ஜாஸை முறையாகக் கற்றுக்கொடுத்த ஆரம்பகால ஆசிரியர்களில் முக்கியமானவர். சாக்ஸபோன் மேதை லீ கோனிட்ஸ் அவருடைய மாணவர்.

லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் போன்றவர்களின் சோலோ ஒன்றை மாணவரிடம் கொடுப்பார் ட்ரிஸ்டானோ. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அதோடு சேர்ந்து பாட வேண்டும். பிறகு தட்டு இல்லாமலே பாட வேண்டும். அதுவரை வாத்தியத்தில் அதைத் தேடக் கூடாது! ஸ்வரங்கள் மட்டுமல்ல, எங்கே இழுக்கிறார், எங்கே அழுத்துகிறார், எங்கே சும்மா இருக்கிறார் என்பதும் வாய்க்குள் வந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தவர் வெஸ் மான்ட்கோமரி. இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. சார்லி கிறிஸ்டியனின் கிடார் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் மேடையில் அந்த சோலோக்களை அப்படியே வாசிப்பார், அவை தீர்ந்ததும் சும்மா நின்றுவிடுவார். மனப்பாடம் அந்த எல்லை வரைதான் கூட்டிப்போகும். அங்கிருந்து அவரை முன்னால் அழைத்துப் போனது, கேட்டுக் கேட்டுக் கூர்மையான அந்தக் காதுதான். 1960-ல் வெளியான அவருடைய ‘தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிடார்’ ஆல்பத்தை இன்றும் கிடார் மாணவர்கள் பாடப்புத்தகம் போல வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இங்கிலாந்தின் ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர். 1970-களில் எல்.சங்கர், ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை நடத்தினார். மிருதங்கமும் கடமும் கற்பவர்கள் சொல்லை வாயால் சொல்லிவிட்டுத்தான் வாத்தியத்தைத் தொடுவார்கள். அந்தக் கொன்னக்கோல் முறையில் ஈர்க்கப்பட்ட மெக்லாக்லின், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து அதைச் சொல்லித்தரும் டி.வி.டி ஒன்றையே வெளியிட்டார். ‘வாயில் வராதது கையில் வராது’ என்ற விதி அங்கும் இங்கும் ஒன்றுதான்.

எப்படித் தொடங்குவது?

தினமும் 10 நிமிடம் போதும். ஒரு படி சரியாக வந்த பிறகே அடுத்த படி.

1. ஒரு ஸ்வரம்: ஏதாவது ஒரு ஸ்வரத்தை மீட்டி, அது அடங்கிய பிறகு பாடுங்கள். பாடியது சரியா என்று மறுபடி மீட்டிப் பாருங்கள். ஆண் குரலுக்கு முதல் தந்தியின் மேல் ஸ்வரங்கள் எட்டாது. ஒரு ஸ்தாயி கீழே பாடினால் போதும்.

2. மூன்று ஸ்வரம், ஒரே தந்தி: ஒரே தந்தியில் மூன்று ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசித்துக்கொண்டே பாடுங்கள். பெட்டி வடிவத்துக்கு இங்கே இடமில்லை என்பதால், விரல் காதை நம்பியே நகர வேண்டியிருக்கும்.

3. வரிசையை மாற்றுங்கள்: இப்போது வாய் முன்னால், விரல் பின்னால். ஐந்தாறு ஸ்வரத்தில் ஒரு சின்ன வாக்கியம் பாடுங்கள். பிறகு அதைக் கிடாரில் தேடுங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும். நான்கு ஸ்வரத்தைத் தேட இரண்டு நிமிடம் ஆகும். பயிற்சியின் உயிர்நாடி இந்தத் தேடல்தான், தாண்டிப் போகாதீர்கள்.

4. கார்டுக்குள் நடங்கள்: ஜாஸில் அடிக்கடி வரும் மூன்று கார்டுகள் டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த். ‘சி’யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு, மூன்று கார்டுகளையும் மெதுவாக மீட்டியபடி ‘ம - ம - க’ என்று பாடுங்கள். அடுத்த சுற்றில் ‘ச - நி - நி’. கார்டுகள் பெரிதாக மாறுவது போலத் தோன்றினாலும், உள்ளே ஒரு குரல் ஒரே ஒரு ஃபிரெட் தூரம்தான் இறங்குகிறது. இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் கார்டு மாறும் இடம் காதில் விழும்.

5. கிடாரைக் கீழே வையுங்கள்: பின்னணி இசையை ஓடவிட்டு, ஒரு சுற்று முழுக்கப் பாடி போனில் பதிவு செய்யுங்கள். அதில் பிடித்த நான்கு பாரை மட்டும் கிடாரில் எடுங்கள். அந்த நான்கு பாரும் எந்த யூடியூப் பாடத்திலும் இருக்காது. அது உங்களுடையது.

ஏமாற்று வேலை ஜாக்கிரதை!

இந்தப் பயிற்சியில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கிறது. விரல் எங்கோ போகும், வாய் அரை நொடி தாமதமாக அதைப் பின்தொடரும். கேட்பவருக்குச் சேர்ந்து பாடுவது போலவே இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. பாடிய வாக்கியத்தையே கழுத்தில் வேறு இடத்தில், வேறு தந்திகளில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒலி மனதில் இருந்தால் வரும். விரலில் மட்டும் இருந்திருந்தால் வராது.

எல்லாவற்றையும் பாடிவிட முடியாது என்பதும் உண்மை. மின்னல் வேக வரிகளுக்குத் தொண்டை ஈடுகொடுக்காது. நான்கு ஸ்வர கார்டை ஒரு வாயால் பாட முடியாது. எனவே ஸ்கேல் பயிற்சியையும் கார்டு பயிற்சியையும் விட்டுவிட வேண்டியதில்லை. விரலின் வேகத்தை அவை கவனித்துக்கொள்ளட்டும். என்ன சொல்வது என்பதைக் குரல் கவனித்துக்கொள்ளட்டும்.

‘எனக்குப் பாட வராதே...’

இந்தப் பயிற்சியைப் பலர் தொடங்காமல் விடுவதற்குக் காரணம் கூச்சம். பள்ளியில் யாரோ சிரித்திருப்பார்கள். வீட்டில் யாரோ ‘போதும், நிறுத்து’ என்றிருப்பார்கள். அன்றோடு வாய் மூடிக்கொண்டது. கிடாரை எடுத்ததே குரலுக்குப் பதிலாக அது பாடும் என்ற நம்பிக்கையில்தான்.

ஆனால், இங்கே இனிமையான குரல் யாருக்கும் தேவையில்லை. ஸ்லாம் ஸ்டூவர்ட் செய்தது வெறும் முனகல். பியானோ மேதை கீத் ஜாரெட் வாசிக்கும்போது எழுப்பும் முனகலும் முக்கலும், 1975-ல் பதிவான அவருடைய புகழ்பெற்ற கோல்ன் கச்சேரியிலேயே கேட்கிறது. சில ரசிகர்களுக்கு அது பிடிக்காது. அவர் நிறுத்தவில்லை.

பாட ஆரம்பித்த முதல் மாதத்தில் வாசிப்பு மோசமானது போலத்தான் தோன்றும். ஒரு சுற்றில் 100 ஸ்வரம் வாசித்தவர், இப்போது 15 ஸ்வரத்தோடு நிற்பார். நடுநடுவே மௌனம் வரும். அந்த மௌனத்தைப் பார்த்து பயந்து பழைய ஓட்டத்துக்குத் திரும்பாமல் இருந்தால் போதும். வீட்டில் இருப்பவர்கள் அந்த 15 ஸ்வரத்தில் ஒன்றிரண்டை சமையலறையில் முணுமுணுக்க ஆரம்பித்தால், பயிற்சி சரியாகப் போகிறது என்று அர்த்தம்!