கோடையின் பாடல் எந்த மொழிக்குச் சொந்தம்?

ஒரு கோடைக்கென்று ஒரு பாடல் வாய்ப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு ஆய்வுலகம் இப்போது வைத்திருக்கும் விடை மிகவும் எளிமையானது: யூடியூப் பார்வைகள், ரீல்ஸ் எண்ணிக்கை, அல்காரிதம். இவ்விடையில் பாடுவோர் இல்லை, கேட்போர் இல்லை, மொழி அறவே இல்லை. எண்ணிக்கை ஒரு பாடல் பரவியதைக் காட்டும்; ஏன் பரவியது என்பதைக் காட்டாது. காய்ச்சலின் அளவைச் சொல்லும் கருவியையே காய்ச்சலின் காரணம் எனக் கொள்ளும் மருத்துவரை எவரும் மதிப்பதில்லை. வெகுசனப் பாடலைப் பற்றிய கருத்தரங்குகளில் மட்டும் அப்பிழை ஆய்வுமுறை என்ற பெயரில் கைதட்டல் பெறுகிறது.

அல்காரிதத்துக்குப் பங்கே இல்லை என்பதன்று இங்கே வாதம். ஒவ்வொரு வாரமும் பல பாடல்கள் ஒரே வகை விளம்பரத்தோடும் ஒரே வகை நடன அசைவுகளோடும் அதே செயலிகளில் இறக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அடுத்த வாரமே மறக்கப்படுகின்றன. எல்லாப் பாடல்களுக்கும் பொதுவாக அமைந்த ஒரு காரணம், ஒரு பாடல் மட்டும் நிலைத்ததை விளக்காது. வேறுபாட்டை விளக்க வேறுபடும் ஒன்று வேண்டும். பல மொழிகள் ஒரே தெருவில் வாழும் நகரத்தில் அந்த ஒன்று மொழியின் எல்லையில் இருக்கிறது: தன் மொழியை அறியாதவரின் வாயிலும் புகுந்துவிட்ட பாடலே அங்கே பருவத்தின் பாடலாகிறது.

'கோடையின் பாடல்' என்ற கருத்தைப் பட்டியலாக்கி வளர்த்தது அமெரிக்கச் சந்தை. அங்கே மே இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் தொடக்கம் வரை நீளும் விடுமுறைக் காலத்துக்கென்று பில்போர்ட் தனிப் பட்டியலே வெளியிடுகிறது. அந்நாட்டின் கோடைகளை ஆண்ட பாடல்களுள் இரண்டு கவனத்துக்குரியவை. 1996இல் 'மக்கரேனா' 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 2017இல் 'டெஸ்பசீத்தோ' 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இரண்டின் மூலமும் ஸ்பானிய மொழி. ஆங்கிலம் கலந்த மறுவடிவங்களே அவற்றை உச்சிக்குக் கொண்டுசென்றன என்றாலும், பாடலின் உயிர்ச்சொல் இரண்டிலும் ஸ்பானியமாகவே நின்றது. பொருள் தெரியாத அச்சொல்லைப் பொருள் தெரியாதவர்களே கோடைமுழுதும் பாடினார்கள்.

பெங்களூரின் கோடைக்கு வேறு நாட்காட்டி. மார்ச்சில் வெயில் ஏறுகிறது, தேர்வுகள் முடிகின்றன, ஐபிஎல் தொடங்குகிறது, திருமண மண்டபங்கள் நிறைகின்றன, சைத்ர பௌர்ணமி இரவில் தர்மராயசுவாமி கோவிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. மே மாதத்து மழையோடு பருவம் மெல்லக் கைமாறுகிறது. இம்மாதங்களில் பாட்டை எவரும் தேர்ந்தெடுத்துக் கேட்பதில்லை. மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்தும் ஆட்டோவிலிருந்தும் பக்கத்து மாடியிலிருந்தும் அது தானே வருகிறது. தேர்ந்து கேட்கும் பாடல் தனியுடைமை. தேராமல் காதில் விழும் பாடல் ஊருடைமை. பருவத்தின் பாடல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

2025ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரத்தில் நிகழ்ந்ததை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். மே 24 அன்று சென்னையில் நடந்த 'தக் லைஃப்' இசை வெளியீட்டு விழாவில், கன்னட நடிகர் சிவராஜ்குமார் அமர்ந்திருந்த அவையில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருளில் கமல்ஹாசன் பேசினார். மன்னிப்புக் கேட்காவிடில் படத்தைக் கர்நாடகத்தில் திரையிட விடுவதில்லை எனக் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம், நீங்கள் வரலாற்றாசிரியரா, மொழியியலாளரா என்ற பொருளில் அவரைக் கேட்டது. ஜூன் 5 அன்று பிற இடங்களில் வெளியான படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற படத்தைக் கும்பலின் மிரட்டலால் தடுக்க முடியாது என உச்சநீதிமன்றம் பின்னர்ச் சொன்னது. அதற்குள் படத்தின் காலமே கடந்திருந்தது.

இதே ஆண்டில், கோடையை ஒட்டி, ஒரு கன்னடப் பாடல் கர்நாடகத்தைத் தாண்டியும் ரீல்ஸ்களில் நிறைந்தது: 'எக்கா' படத்தின் 'பேங்கிள் பங்காரி'. ஜூலை 18 அன்று படம் திரைக்கு வருமுன்பே பாடல் ஊரார் வாய்க்கு வந்துவிட்டது. இசை சரண்ராஜ், வரிகள் நாகார்ஜுன் சர்மா, திரையில் ஆடியவர் யுவ ராஜ்குமார். 1980களின் தொடக்கத்தில் கன்னடத்துக்கு முதலிடம் கோரி எழுந்த கோகாக் போராட்டத்தின் முகமாக விளங்கிய ராஜ்குமாரின் பேரன் அவர். சென்னை அவையில் அமர்ந்திருந்த சிவராஜ்குமார் அவருக்குப் பெரியப்பா. பாடலைப் பாடியவர் அந்தோணி தாசன். தஞ்சை வட்டாரத்து நாட்டுப்புறக் கலை மேடைகளில் வளர்ந்த தமிழ்க் குரல். 2018இல் சிவராஜ்குமார் நடித்த 'டகரு' படத்தின் தலைப்புப் பாடலும் அவர் குரல்தான்.

தொலைக்காட்சிகளில் தாய்மொழி யார், சேய்மொழி யார் என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையை ஒட்டியே ஒரு தமிழ்க் கலைஞரின் கன்னடத்தை நகரம் தன் கன்னடமாகவே ஏற்றுக்கொண்டது. இம்முரணைப் பொழுதுபோக்குச் செய்தியாக ஒதுக்கிவிட்டுத் துறைகள் வாளாவிருந்தன. எதிர்க்கப்பட வேண்டியது அந்த மௌனம்.

பாடலின் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். 'பேங்கிள்' ஆங்கிலச் சொல் எனப் பலரும் கருதுவர். ஆங்கிலம் அதை இந்தியிலிருந்து எடுத்துக்கொண்டது. வளையலுக்குக் கன்னடத்தின் சொந்தச் சொல் 'பளெ'. அது தமிழ் 'வளை'யின் உடன்பிறப்பு. 'பங்காரி', பொன்னைக் குறிக்கும் 'பங்கார' என்ற சொல்லின் வழிவந்த செல்லவிளி. அச்சொல்லின் தெலுங்கு வடிவமான 'பங்காரு' தஞ்சையில் பங்காரு காமாட்சியம்மன் கோவிலின் பெயரிலேயே நிலைத்திருக்கிறது. இரு சொற்களும் ஒரே எழுத்தொலியில் தொடங்கி, அடுத்தும் ஒத்த ஒலியைத் தொடர்கின்றன. மோனையும் எதுகையும் என்று தமிழ் யாப்பு இதனைக் கூறும். கன்னடச் செய்யுளின் ஆதிப்பிராசமும் இவ்வகை ஒலியொழுங்கே. பொருள் அறியாதவரின் நாவும் முதல்முறையிலேயே இத்தொடரைப் பிடித்துக்கொள்வதற்கு இவ்வொலியமைப்பே காரணம். நாலைந்து மொழிகள் புழங்கும் நகரத்தில் ஒரு மொழியும் முழுதாகத் தெரியாதவர்கூட இத்தலைப்பில் தமக்குத் தெரிந்த ஒரு துண்டைக் காண்கிறார்.

'இக்காலப் பாடல்களில் பொருளே இல்லை. வெற்றொலிதான்' என்பது தமிழ்ப் பேராசிரியர்கள் சிலர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் புலம்பல். தாலாட்டின் அசைச்சொற்களும் நடவுப்பாட்டின் தன்னானேயும் எந்த அகராதியில் பொருள் கண்டவை? வேலையிலும் சடங்கிலும் பலர் ஒருசேரப் பாடுவதற்கு எல்லோரும் பற்றிக்கொள்ளத்தக்க ஓர் ஒலி வேண்டும். அந்த ஒலிக்குப் பொருள் குறைவாக இருப்பது குறையன்று, பயன். அதனால்தான் அயலாரும் அதில் சேர முடிகிறது. நாட்டுப்பாடலில் இதனை 'மரபு' என்று போற்றும் அதே ஆய்வாளர், திரைப்பாடலில் 'சீரழிவு' என்று தூற்றுவதற்கு மொழியியலில் சான்றில்லை; சாதியும் வர்க்கமும் கலந்த சுவைக்கணக்கில்தான் சான்று தேட வேண்டும்.

இனி, அக்கோடையின் பெருவழக்குக்கு வருவோர் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைத் தமிழில் சொல்ல வேண்டும். கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததன்று. தமிழின் 'செவி'க்குக் கன்னடம் 'கிவி' என்கிறது. தமிழின் 'செம்'முக்கு அங்கே 'கெம்பு'. இங்கே பழமையானது ககரம். இகர எகரங்களின் முன் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். தாய் இழந்துவிட்ட ஒலியை மகள் எங்கிருந்து மீட்டாள்? மறுபுறம், தமிழ் காத்துவைத்த 'பால்' கன்னடத்தில் பிற்காலத்தில் 'ஹாலு' ஆயிற்று. 'வளை' 'பளெ' ஆயிற்று. ஒன்று காத்ததை மற்றொன்று மாற்றியிருக்கிறது. மற்றொன்று காத்ததை இது மாற்றியிருக்கிறது. இரண்டும் ஒரு பொது மூலத்தின் கிளைகள். திராவிட ஒப்பிலக்கணத்தின் முதற்பாடம் இது. மொழியியல் முதுகலை மாணவர் எவரும் முதற் பருவத்தில் எழுதும் தேர்வு விடையைத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் உரக்கச் சொன்னோர் மிகச் சிலர். கைதட்டல் கிடைக்காது என்ற அச்சம் அறிவை வென்றது.

மன்னிப்புக் கேட்க வைத்து மொழியைக் காக்கலாம் என்ற எண்ணமும் அதே அளவு வெறுமையானது. தம் தலைநகரிலேயே தம் மொழி ஓரங்கட்டப்படுகிறது என்ற கன்னடரின் கவலைக்கு அடிப்படை உண்டு. ஆயினும் தவறான மொழியியல் கூற்றுக்கு மறுமொழி சரியான மொழியியல் கூற்றே. பூட்டிய திரையரங்கு ஆகாது. கன்னடத் திரையிசையின் வரலாறு பூட்டிய கதவுகளால் எழுந்ததன்று. ராஜ்குமாரின் திரைக்குரலாக நெடுங்காலம் ஒலித்த பி.பி. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடாவில் பிறந்தவர். இளையராஜா தொழில் பயின்றது கன்னடத் திரையிசையின் பெரும்பெயரான ஜி.கே. வெங்கடேஷிடம். இவர்களின் பாட்டைக் கேட்டவர்கள் குரலின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை.

இவ்வழக்கின் செலவை ஏற்பவர்கள் அறிக்கை விடுபவர்கள் அல்லர். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி எழுந்த வன்முறையில் பெங்களூரின் எளிய தமிழர்கள் தாக்கப்பட்டனர். பல குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. 2016 செப்டம்பர் 12 அன்று தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் அந்நகரில் வரிசையாக எரிந்தன. இந்நினைவுள்ள கட்டடத் தொழிலாளியோ பூக்காரரோ, சூழல் சூடேறும் வாரத்தில் தம் கைபேசியின் ஒலியைத் தாமே குறைத்துக்கொள்வார். 'தக் லைஃப்' படத்தின் 'ஜிங்குச்சா' ஏப்ரல் 18 முதலே எல்லாக் கைபேசிகளிலும் இருந்தது. எந்தத் தடையும் அதை அங்கிருந்து அகற்றவில்லை. ஆயினும் காதுக்கருவியில் ஒடுங்கிக் கேட்கப்படும் பாடல் பருவத்தின் பாடலாக முடியாது. பார்வை எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றே. தெருவில் ஒலித்த பார்வைக்கும் போர்வைக்குள் ஒலித்த பார்வைக்கும் அந்த எண் வேறுபாடு காட்டுவதில்லை. எண்ணிக்கை ஆய்வின் மிகப் பெரிய குருட்டுப் புள்ளி இதுவே.

ஆகவே ஒரு கோடைக்குப் பாடல் வாய்ப்பதற்கு மூன்று வேண்டும். அயல்நாவும் பிடித்துக்கொள்ளும் ஒலி முதலாவது. எவரும் தேராமலே எல்லோரும் கேட்கும் பொதுவெளி இரண்டாவது. எந்த மொழிப் பாட்டையும் உரக்க வைத்துவிட்டு அச்சமின்றி நிற்கக்கூடிய தெரு மூன்றாவது. முதலாவதைக் கலைஞர்கள் தருகிறார்கள்; இரண்டாவதைப் பருவம் தருகிறது. மூன்றாவதைக் காக்கும் பொறுப்பில் மொழியறிஞர்களுக்கும் பங்குண்டு. அதை அவர்கள் நிறைவேற்றவில்லை.

செய்யவேண்டியது அரிதும் அன்று. பெங்களூரிலும் சென்னையிலும் மொழியியல் துறைகள் இருக்கின்றன. இரு நகரத்து ஆய்வாளர்களும் சேர்ந்து, தமிழ்–கன்னட உறவு குறித்த நான்கு பக்கச் சிறுநூல் ஒன்றை இரு மொழிகளிலும் எழுதி, அடுத்த சர்ச்சைக்கு முன்பே பள்ளிகளுக்குத் தரலாம். யார் எந்தப் பாடலை எங்கே எந்த மொழியறிவோடு பாடுகிறார்கள் என்று மண்டபங்களிலும் ஆட்டோ நிலையங்களிலும் சென்று பதிவுசெய்யலாம். அறையில் அமர்ந்து பார்வைகளைக் கூட்டும் ஆய்வேடுகள் போதிய அளவு வந்துவிட்டன. அடுத்த கோடை மார்ச்சில் தொடங்கும். களப்பணிக்கு அதற்குள் ஒப்புதல் வாங்கிவிட முடியும்.