‘தாருண்’ என்றால் போதுமா?

கொல்கத்தா ராஷ்பிஹாரி அவென்யூவில் லேக் மார்க்கெட் பக்கம் போனால் தமிழர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வரும். வாழை இலை, மல்லிகைச் சரம், இட்லி மாவு, ஃபில்டர் காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். பேரம் தமிழிலும் நடக்கும், வங்காளியிலும் நடக்கும். புகைப்படம் கற்றுக்கொள்பவர்களுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்தால் விருந்துதான். தொல்லை ஆரம்பிப்பது வகுப்புக்குத் திரும்பிய பிறகு. எடுத்த படங்களை வரிசையாக வைத்து, சக மாணவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

வழக்கமாக நடப்பது இதுதான். முதல் ஆள் ‘தாருண்’ என்பார் - வங்காளிகளின் ‘பிரமாதம்’. அடுத்தவரும் அதையே சொல்வார். தன் படம் வரும்போது இதே தாராளம் திரும்பக் கிடைக்க வேண்டுமே! மதிப்பெண்ணும் சக மாணவர்கள் கையில் இருந்துவிட்டால், பரஸ்பரம் முதுகு சொறிவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. இல்லாவிட்டால் நேர் எதிர்: மேதாவிலாசத்தைக் காட்டுவதற்காகவே ஒருவர் படத்தைக் குதறுவார். இரண்டிலும் படத்தை யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு கொல்கத்தாவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஃபிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை வங்காளத்தில் எடுத்தபோது (படம் வெளியானது 1951ல்), இருபது வயதைத் தொடாத சுப்ரதோ மித்ரா வேலை கேட்டுப் போனார். கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி. விளக்குகள் எங்கே நின்றன, நடிகர் எங்கே நகர்ந்தார், கேமரா எங்கே இருந்தது என்று தினமும் படம் போட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில் ஒளிப்பதிவாளர் க்ளோத் ரெனுவாரே, வெளிச்சத்தின் தொடர்ச்சியைச் சரிபார்க்க அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. கண்ணில் பட்டது மட்டுமே இருந்தது. அதனால்தான் பயன்பட்டது. அந்தப் பையன்தான் பின்னாளில் ‘பதேர் பாஞ்சாலி’க்கு (1955) கேமராமேன். அதை இயக்கிய சத்யஜித் ராய் 1960களில் குடியிருந்தது, லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய லேக் டெம்பிள் ரோட்டில்.

ஒரு மாணவர் இலைச் சாப்பாட்டைப் படம் எடுத்து வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பு நன்றாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டார். பத்துப் பேர் ‘அருமை’ என்கிறார்கள். பதினோராவது ஆள், “ஏன் எல்லோரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்கிறார். இலையின் நுனி வலப்பக்கம் இருப்பதைப் பந்தியில் உட்கார்ந்து பழகியவர் உடனே கண்டுபிடிப்பார். பத்து ‘அருமை’களைவிட இந்த ஒரு கேள்வி கனமானது. யார் வேண்டுமானாலும் படத்தைப் பார்த்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேட்டுக்கொள்பவரின் வேலை இன்னும் கஷ்டம். பூக்கடைப் படத்தைப் பார்த்து ஒருவர் வலது ஓரத்தை வெட்டு என்கிறார், இன்னொருவர் இருட்டாக்கு என்கிறார், மூன்றாமவர் பூக்காரம்மாவை இடப்பக்கம் நகர்த்தியிருக்கலாம் என்கிறார். மூன்றும் முரண்பாடு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். உற்றுப் பார்த்தால் மூவரையும் உறுத்தியது ஒன்றே: வலது மூலையில் பளீரென்று எரியும் ட்யூப்லைட். மருந்து ஆளுக்கு ஒன்று. வலி இருக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் மூவரும் தனித்தனியாகப் பார்த்திருந்தால்தான் இது செல்லும். முதல் ஆள் சொன்னதைக் கேட்டுவிட்டு மற்ற இருவரும் தலையாட்டினால் அது ஒரே ஓட்டு. பேச்சு தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

கொடுத்த பயிற்சி என்ன என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம்’ என்பது பயிற்சியானால், கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கலாமே என்பது சொல்பவரின் ருசி. கேட்டுக்கொள்ளலாம்; அதற்காகப் படத்தை மாற்ற வேண்டியதில்லை.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ல் இதற்கு ஒரு முறையையே வகுத்தார். பார்த்தவர்கள் மனதில் தைத்ததை முதலில் சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அடுத்து மற்றவர்கள், குத்தல் இல்லாமல் கேட்பார்கள். சொந்த அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் படைத்தவர் அனுமதித்தால். கொஞ்சம் சம்பிரதாயம் அதிகம்தான், நம்மூர் நிச்சயதார்த்தம் மாதிரி. ஆனால் கூச்ச சுபாவமுள்ள மாணவர் வாய் திறக்க அந்த வரிசை உதவுகிறது.

இத்தனை பேரும் கேட்க மறக்கும் ஒருவர் பூக்காரம்மா. அடுத்த முறை போகும்போது ஒரு பிரிண்ட் எடுத்துப்போய்க் கொடுத்தால், அவர் கவனிப்பது ட்யூப்லைட்டை அல்ல. முகம் சரியாக வந்திருக்கிறதா, கடையில் பூ வாடலாகத் தெரிகிறதா என்பதைத்தான்.