முகம் மட்டும் பளிச்சென்று விழ...

சென்ற இதழில் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுப்பதைப் பற்றிப் பார்த்தோம். இந்தத் தடவை வேறொரு விஷயம். சில படங்களில் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். பின்னால் இருக்கிற செடி, கொடி, சுவரெல்லாம் பனிமூட்டம் மாதிரி மங்கலாகத் தெரியும். அதென்ன மாயம் என்று கேட்கிறீர்களா? மாயமெல்லாம் ஒன்றுமில்லை, நம் கண்ணே தினமும் செய்கிற வேலைதான்!

வெள்ளெழுத்து வந்த பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். மூக்குக் கண்ணாடி கைக்கு அகப்படாவிட்டால் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிடுவார்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்குகிறது. துவாரம் சிறிதானால், தெளிவாகத் தெரியும் எல்லை அதிகமாகிறது. சிலர் கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பதும் இதற்காகத்தான். (குழந்தைகள் அடிக்கடி அப்படி இடுக்கினால் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.)

காமிராவிலும் இதே கதைதான். லென்ஸுக்குள் இருக்கும் துவாரத்துக்கு அபர்ச்சர் என்று பெயர். எதற்கு ஃபோகஸ் செய்கிறோமோ, அதற்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்ச தூரம் தெளிவாக விழும். இதை 'டெப்த் ஆஃப் ஃபீல்டு' என்பார்கள். நாம் 'தெளிவின் ஆழம்' என்று வைத்துக்கொள்வோம். இதைக் கூட்டவும் குறைக்கவும் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, துவாரம். எஃப் 2 என்றால் பெரிய துவாரம், எஃப் 8 என்றால் சின்னது. எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும், குழம்ப வேண்டாம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிம் காமிராவை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை எஃப் 2-ல் எடுத்தால் தெளிவின் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். அரைச் சாண்! மூக்கு நுனிக்கு ஃபோகஸ் செய்தால் காது ஜிமிக்கி மங்கிப்போகும். எஃப் 8-ல் அதுவே 44 சென்டிமீட்டர் ஆகும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் 16-ல் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். துறுதுறுவென்று இருக்கும் குழந்தை அசைந்தால் போச்சு!

இரண்டாவது, தூரம். அதே எஃப் 8-ல் 3 மீட்டர் தள்ளிப்போனால் ஆழம் 1.9 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு இதுதான் வழி.

மூன்றாவது, லென்ஸ். நின்ற இடத்திலிருந்தே 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் ஆழம் குறைந்து, பின்னணி நன்றாக மங்கும்.

செல்போனில் லென்ஸ் மிகவும் பொடிசு. அதனால் முகத்திலிருந்து பின்சுவர் காலண்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். 'போர்ட்ரெய்ட்' என்று தட்டினால், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பின்னணியை மங்கலாக்குகிறது. சமயத்தில் மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும், நெற்றியில் பறக்கும் முடியையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். எடுத்த உடனே பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

நம்மைப் போல் குடும்பம் நடத்திய பெண்மணி ஒருவர் இந்தக் கலையில் பேர் வாங்கினார். 1815-ல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமெரான். 1863-ல் இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்தபோது, 48 வயதில், மகள் பரிசாகத் தந்த காமிராவில்தான் ஆரம்பித்தார். கோழிக்கூடம் ஸ்டூடியோ ஆயிற்று, நிலக்கரி அறை இருட்டறை ஆயிற்று. பெரிய கண்ணாடித் தகடுகளில் ஆழம் குறைவாக எடுத்த அவர் படங்களை 'மங்கல்' என்று அந்தக் காலத்துப் பண்டிதர்கள் குறை சொன்னார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1879-ல் இலங்கையில் காலமானார். அந்தப் படங்கள் இன்று லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன.

இனி சில கைப்பக்குவங்கள்:

* ஃபோகஸ் எப்போதும் கண்ணுக்குத்தான். முகம் சாய்ந்திருந்தால் காமிராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணுக்கு. செல்போனில் திரையில் அந்தக் கண்ணின் மேல் விரலால் தொடுங்கள்.

* ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். எட்டுப் பத்து அடி முன்னால் வந்தால் பின்னணி தானே மங்கும்.

* மாமியாரும் பேத்தியுமாக இருவர் என்றால், இரண்டு தலையும் காமிராவுக்குச் சம தூரத்தில் இருக்கட்டும்.

இதற்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று நினைக்காதீர்கள். ஒருவர் காலமான பிறகு பழைய கல்யாண குரூப் போட்டோவைத் தேடி, பின்வரிசை முகத்தை வெட்டிப் பெரிதாக்கி மாலை போடுகிற வீடுகள் எத்தனை! அதிலும் பெண்கள் பாதி நேரம் அடுப்படியில், மீதி நேரம் பின்வரிசையில். ஃபோகஸ் தப்பிய முகத்தை இப்போது கம்ப்யூட்டர் தீட்டித் தருகிறது, வாஸ்தவம். ஆனால் அது ஊகித்து வரைந்த கண். நம் அம்மாவின் கண் ஆகாது.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமையே, வீட்டில் மூத்தவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, கண்ணுக்கு ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். அப்படியே காமிராவைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, நீங்களும் போய் உட்காருங்கள். படத்தைப் பிரிண்ட் போட்டு வைக்க மறக்காதீர்கள்.

அடுத்த இதழில் ஓடியாடும் குழந்தைகளைப் படம் பிடிப்பது பற்றி.