யார் வீட்டு நாய்?

தெரு நாய்களைப் பற்றி 2025ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவுகள் தேசமெங்கும் பெரும் வாதத்தைக் கிளப்பிவிட்டன. ஆகஸ்டு 11ந் தேதி, டில்லி நாய்களைப் பிடித்துக் காப்பிடங்களில் அடைக்க வேண்டுமென்றது கோர்ட்டு. 22ந் தேதி, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடலாமென்று திருத்தியது. நவம்பர் 7ந் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் முதலியவற்றிலிருந்து அவற்றை அகற்றக் கட்டளையிட்டது. நாயிடம் இரக்கமுடையோர் ஒரு கட்சி; நாய்க்கு அஞ்சுவோர் மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. தெருவில் நிற்கும் அந்த நாய் யார் வீட்டிலிருந்து வந்தது? நமது நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை, இக்கேள்விக்கு விடை கண்டாலன்றி எந்த உத்தரவும் நிலைத்த பலன் தராதென்பது நமது அபிப்பிராயம்.

நமது கிராமங்களில் உள்ள நாய்களை வீட்டு நாய், தெரு நாய் என்று இரு வகுப்பாகப் பிரித்துவிட முடியாது. காலையில் ஒரு வீட்டில் பழைய சோறு தின்னும். பகலில் டீக்கடை வாசலில் படுக்கும். இரவில் வேறொருவர் களத்தைக் காக்கும். காவலுக்கு வேண்டும்போது அது 'நம்ம நாய்.' யாரையேனும் கடித்துவிட்டாலோ, அது 'ஊர் நாய்.' 2023ஆம் வருஷத்து மிருக இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் சொந்தக்காரரைப் பொறுப்பாளியாக்கின. தெரு நாயின் பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்புவித்தன. இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கும் நமது ஊர் நாய்க்கோ ஒருவரும் ஊசி போடுவதில்லை.

இதனினும் வருந்தத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. கடுவன் குட்டியை விரும்பி வாங்குவோர் பெட்டைக் குட்டியைச் சீந்துவதில்லை. பெட்டை நாய் சாதாரணமாக வருஷத்திற்கு இரு முறை பருவமடைகிறது. சுமார் 63 நாளில் நாலைந்து குட்டிகளை ஈன்றுவிடுகிறது. கண் திறந்தும் திறவாத அக்குட்டிகளைச் சாக்கிலிட்டுக் கட்டிச் சந்தையோரத்திலும் குளக்கரையிலும் விட்டுவிட்டு வருகிறவர்கள் கல்நெஞ்சினர் அல்லர். வேறு வழி இன்னதென்று ஒருவரும் அவர்களுக்குக் கூறவில்லை. கூறியிருந்தாலும் அதற்கு வேண்டிய வசதியைச் செய்து தரவில்லை. வேறொரு சாரார், பனி பொழியும் நாடுகளுக்குரிய சடைநாய்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, நமது வெயிலில் அவை படும் பாட்டைக் கண்ட பின்னர் கைவிடுகிறார்கள். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் தமிழ்நாட்டிலேயே இருக்க, இந்த மோகம் எதற்கு?

இது வெறும் ஜீவகாருண்ய விஷயமன்று. மனித உயிர் சம்பந்தப்பட்டது. 2024ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானோர் சுமார் 4.8 லட்சம் பேர். வெறிநாய்க்கடி நோயால் மாண்டவர் 43 பேர். உலகில் இந்நோயால் வருஷந்தோறும் மடிவோர் சுமார் 59,000 பேரென்றும், அவர்களில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவரென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நோயின் குறி கண்ட பின்னர்ப் பிழைப்பது அரிதினும் அரிது. குறி காணுமுன் தடுப்பதோ மிக எளிது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று, வைத்தியர் குறிக்கும் ஊசிகளில் ஒன்றையும் விடாமல் போட்டுக்கொள்வதே போதும். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு மேதை ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டது 1885இல். குன்னூரில் அவர் பெயரால் தென்னாட்டிற்கென ஸ்தாபனம் ஏற்பட்டது 1907இல். இவ்வளவு காலத்திற்குப் பின்னும் காயத்தில் மிளகாய்ப்பொடி அப்பிக்கொண்டு மந்திரிப்பவரைத் தேடிப் போவது நமக்கு அடுக்குமா?

கொன்றொழித்தால் தீருமென்பார்க்கு ஒரு வார்த்தை. 1926இல் ஆமதாபாத் மில் முதலாளி ஒருவர் அறுபது நாய்களைக் கொல்லச் செய்தபோது, அச்செயலை முற்றிலும் குற்றமென்று கூற மகாத்மா காந்தி மறுத்தார். அதன் பேரில் எழுந்த கண்டனங்களுக்கு 'யங் இந்தியா'வில் தொடர்ந்து பதிலெழுதினார். சொந்தக்காரனில்லாத நாய் திரிவது சமூகத்தின் குறையென்பதும், எச்சில் உணவை எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது ஜீவகாருண்யமாகாதென்பதும் அவர் வாதத்தின் சாரம். அக்காலத்தில் நாய்களுக்கு ஊர்தோறும் ஊசி போடும் வசதி இல்லை, இன்று இருக்கிறது. ஆதலின் கொலைக்கு அன்று கூறிய நியாயம் இன்று இல்லை. பொறுப்பைக் குறித்து அவர் கூறியதோ இன்றும் அப்படியே நிற்கிறது. சென்னை நகரசபையும் நெடுங்காலம் நாய்களைக் கொன்று பார்த்துப் பயன் காணாமல், 1996இல் கருத்தடை முறைக்குத் திரும்பிற்று.

சட்டம் இல்லையோவென்றால், உண்டு. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வளர்க்கும் பிராணிக்கு உணவும் நீரும் இடமும் தராதிருப்பதையும், பசி தாகத்தால் வருந்தும்படி கைவிடுவதையும், சதா சங்கிலியில் கட்டிய நாயை உலாவ விடாதிருப்பதையும், தொற்றுநோய் கண்ட பிராணியை வேண்டுமென்றே தெருவில் திரிய விடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. முதற் குற்றத்திற்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! 1960இல் பத்து ரூபாய்க்கு ஒரு மதிப்பிருந்தது. இன்று அத்தொகைக்கு அஞ்சித் தம் கடமையைச் செய்பவர் யார்?

ஆனால் அபராதத்தை உயர்த்துவதே முதல் வேலையென்று நாம் கூற வரவில்லை. சென்னை மாநகராட்சி 2025இல், வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறாதவருக்கு 5,000 ரூபாய் அபராதமென்று அறிவித்தது. அதனுடன் இலவச ஊசி முகாம்களையும் நடத்திற்று. முகாமில்லாமல் அபராதம் மட்டும் விதித்திருந்தால் விளைவு என்ன? அன்றாடக் கூலி பெறுபவன் நாயை ஆட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லமாட்டான். 'இது என் நாயன்று' என்று கூறி அதைத் தெருவில் விட்டுவிடுவான். எனவே உதவி முந்தவேண்டும். தண்டனை பின்னால் வரட்டும்.

இது கைகூடாத கனவன்று. கோவாவில் 2014 முதல் ஊசிக் குழுவினர் தெருத்தெருவாகச் சென்று நாய்களுக்கு ஊசி போட்டனர். பள்ளிக்கூடங்களில் சிறுவருக்குப் பாடம் கற்பித்தனர். 2021இல் அது வெறிநாய்க்கடி நோய் கட்டுப்பட்ட மாநிலமென்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய மூன்று வருஷங்களில் அங்கே ஒரு மனித உயிரும் இந்நோய்க்குப் பலியாகவில்லை. நாய்களில் நூற்றுக்கு 70க்குக் குறையாமல் ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துபோமென்பது நிபுணர் முடிவு.

நமது நாட்டிற்கு இது புதிதுமன்று. 1813இல் திருவிதாங்கூர் ராணி கௌரி லக்ஷ்மி பாய் அம்மை குத்தும் இலாகாவை ஏற்படுத்தியபோது, ஜனங்களின் அச்சத்தைப் போக்க அரண்மனையிலேயே அதைத் தொடங்கிவைத்ததாகச் சரித்திரம் கூறுகிறது. முதலில் முன்மாதிரி, பிறகு வசதி, அதன் பின்னரே கட்டாயம். இருநூறு வருஷங்களுக்கு முன் நமது முன்னோர் கண்ட இம்முறையை, 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவில் 91.75 சதவீதம் பெற்றுத் தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற ஜில்லா கைக்கொள்ள முடியாதா?

ஆகவே நாம் கோருவன இவை. நாகர்கோவில் மாநகராட்சியும் நமது பஞ்சாயத்துகளும், கால்நடை இலாகாவோடு கூடி, வார்டுதோறும் கிராமந்தோறும் விடுமுறை நாளில் இலவச ஊசி முகாம் நடத்தவேண்டும். ஏழை வீட்டுப் பெட்டை நாய்க்குக் கருத்தடையும் கட்டணமின்றிச் செய்யப்படவேண்டும். தெரு நாய்க்கு மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். ஊர் நாய் ஒவ்வொன்றுக்கும், அதற்குச் சோறிடும் வீட்டார் ஒருவர் பெயரைப் பொறுப்பாளராகப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். கடிபட்டால் செய்யவேண்டுவதை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் கற்பிக்கவேண்டும். ஜில்லாதோறும் இருக்கவேண்டுமென்று 2001ஆம் வருஷத்து விதிகள் கூறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இவ்வேலைகளுக்கு முன்னின்று உழைக்கவேண்டும். இவ்வளவும் ஒரு வருஷம் நடந்த பின், அப்போதும் தம் கடமையைச் செய்யாதவர் மீது அபராதம் பாயட்டும். நாம் குறை கூறோம்.

தம்மைப் பின்தொடர்ந்த நாயை விட்டு ஸ்வர்க்கம் புகமாட்டேனென்ற தர்மபுத்திரர் கதையைக் கேட்டு உருகுகிற ஜனங்கள் நாம். நம் வாசலில் காவல் கிடக்கும் நாய்க்கு வருஷத்திற்கு ஓர் ஊசி போடுவதற்கு ஸ்வர்க்கத்தைத் துறக்கவேண்டியதில்லை; ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் துறந்தால் போதும். முகாமை நடத்துவது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை; நாயைக் கூட்டிக்கொண்டு வருவது நமது கடமை.