அக்வாபோனிக்ஸ் கிட் விற்கும் புண்ணியவான்களுக்கு

போன ஞாயிறு நண்பர் ஒருவர் போன் செய்தார். குர்காவ்னில் புது வீடு, பின்பக்கம் பத்துக்குப் பதினைந்தில் காலி இடம். "நீங்க மீன் தொட்டி வச்சிருந்தீங்களே, நானும் ஒரு கிட் புக் பண்ணலாம்னு இருக்கேன். 38,000 சொல்றான், குறைப்பானா?" என்றார். ஒரு மணி நேரம் கத்தினேன். ஆத்திரம் தீரவில்லை. மிச்சம் இங்கே.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தொட்டியில் மீன் இருக்கும். அதன் கழிவில் அம்மோனியா. அந்தத் தண்ணீரை பம்ப் மேலே ஏற்றி ஜல்லி நிரப்பிய தட்டில் விடும். ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடி சாப்பிடும், தண்ணீர் சுத்தமாகி மீனிடம் திரும்பும். அழகான ஏற்பாடு. வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்ற மனிதர் 1980-களிலிருந்து உட்கார்ந்து, ஒரு சதுர மீட்டர் செடிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த அறிவியல் மேல் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை விற்கிறவர்களோடுதான். ஒரு ஓட்டல் ஹாலில் சமோசா, டீ கொடுத்து, பச்சைப்பசேல் படமாகக் காட்டி, "உங்க கிராமம் உங்க கொல்லையில்" என்றார்கள். ஊரை விட்டு வந்தவன் எங்கே விழுவான் என்று அவர்களுக்குத் தெரியும். நான் விழுந்தேன். தங்கமணி விழவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன் :-)

ஏப்ரலில் கிட் வந்த அன்றே கூடவே 40 மீன் குஞ்சும் வந்தது. அதுவே முதல் அயோக்கியத்தனம். ஜல்லியில் பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் சேரும் அம்மோனியாவுக்குப் போக்கிடம் இல்லை. எங்கள் போர் தண்ணீரோ பி.ஹெச். 8-க்கு மேல். அந்த நிலையில், அதுவும் வெயில் காலத்தில், அம்மோனியாவின் விஷம் இன்னும் அதிகம். இரண்டாவது வாரம் எல்லாக் குஞ்சும் மிதந்தன. போன் செய்தால், "தீவனம் அதிகமா போட்டிருப்பீங்க சார்" என்று பதில்.

இரண்டாவது, "உரம் இலவசம்" என்ற புருடா. மீன் எதையும் வானத்திலிருந்து இறக்குவதில்லை. மீன் மாவும் சோயாப் புண்ணாக்கும் சேர்த்து ஆலையில் செய்த தீவனம், மூட்டை மூட்டையாக நாம் வாங்கிப் போடுவது. அதுதான் மீன் வயிறு வழியாகக் கீரையாகிறது. இதற்கு 'ஆர்கானிக்' என்று பெயர் வைத்தால் என் ஆபீஸ் ஆணியும் ஆர்கானிக்தான்.

கணக்கு போடுவோம். 1,000 லிட்டர் தொட்டி, 40 மீன், ஒவ்வொன்றும் அரை கிலோ என்றால் 20 கிலோ. அதற்குச் சுமார் 30 கிலோ தீவனம். நான் வாங்கிய விலை கிலோ 80, ஆக 2,400 ரூபாய். பம்பும் காற்று மோட்டாரும் சேர்த்து 60 வாட், இரவு பகல் ஓடினால் மாதம் 43 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் மாதம் 300, எட்டு மாதத்துக்கு 2,400. கிலோ 240 ரூபாய் ஆயிற்று. கிட் விலை இதில் சேரவில்லை. எங்கள் மார்க்கெட்டில் ரோகு 200 ரூபாய்க்குச் செதில் எடுத்து வெட்டியே தருகிறான். கீரை லாபம்தானே என்பீர்கள். பாலக் கட்டு என்ன விலை என்று தங்கமணியைக் கேளுங்கள், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பாலக்கும் மஞ்சளடித்தது. நரம்பு பச்சை, இலை மஞ்சள்: இரும்புச்சத்து இல்லை. பி.ஹெச். 8-இல் வேருக்கு இரும்பு கிடைக்காது. விற்றவர் கொடுத்த மருந்து அந்த பி.ஹெச்.சில் வேலையே செய்யாத வகை.

ஜூனில் மறுபடி குஞ்சு விட்டேன். செப்டம்பர் புழுக்கத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய், இன்வெர்ட்டரும் இறங்கி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நானும் பையனும் வாளியில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். ஊரில் அப்பாவிடம் சொன்னேன். "குளத்துல எவண்டா பம்ப் போட்டான்?" என்றார். சரியான கேள்வி. குளத்தில் அத்தனை மீனுக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர். நம் தொட்டியில் ஆயிரம்.

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். பொங்கலை மன்னிக்க மாட்டேன். அவர்கள் கொடுத்தது ஜிலேபிக் கெண்டை, அதாவது திலாப்பியா. 'நாட்டு மீன்' என்று வேறு சொன்னார்கள். 1952-இல்தான் இந்தியாவுக்கே வந்தது அது! வெப்ப நாட்டு மீன். தண்ணீர் பத்து, பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் பிழைக்காது. ஜனவரி ராத்திரி இங்கே நான்கு, ஐந்து டிகிரி. வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் ஊருக்குப் போகிறோம், வீடு பூட்டியிருக்கும். திரும்பி வந்து கேட்டைத் திறந்ததும் நாற்றம். 36 மீன். பையன் அதில் ஆறுக்குப் பெயர் வைத்திருந்தான். அவனை உள்ளே அனுப்பிவிட்டு நான் அள்ளினேன்.

வட இந்தியாவில் திறந்தவெளித் தொட்டிக்கு இந்த மீனை, அதுவும் ஜனவரியில் ஊருக்கு ஓடுகிற நமக்கு, தெரிந்தே விற்கிறார்கள். தெரியாமல் விற்றால் அது இன்னும் மோசம்.

இப்போது என்னிடம் இருப்பது 200 லிட்டர் நீல டிரம் இரண்டு, ஒரு தட்டு, ஜல்லி, எட்டே எட்டு சாதாக் கெண்டை. மொத்தம் 4,500 ரூபாய். குளிரில் கெண்டை ஏறக்குறைய சாப்பிடுவதையே நிறுத்திவிடும், பத்து நாள் யாரும் பார்க்க வேண்டாம். எட்டு மீன் என்பதால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். மழைத் தண்ணீரைப் பிடித்துக் கலந்ததில் பாலக்கும் பச்சையானது. குழம்புக்கு மீன் மார்க்கெட்டில்தான்.

நண்பரிடம் சொன்னேன்: கிட்காரனை ஒரே கேள்வி கேளுங்கள், "ஜனவரியில் பத்து நாள் வீட்டைப் பூட்டிப் போனால் என்ன ஆகும்?" நானும் அப்போதே கேட்டேன். "இன்வெர்ட்டர் இருக்குமே சார்" என்றான்.