அச்சை முதலில் பாருங்கள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"பெண்பிள்ளைக்கு லாரி ஓட்டுகிற விளையாட்டு எதற்கடி?" என்று கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பெரியம்மா கேட்டார்கள். அப்போது நான் கணிப்பொறித் திரையில் நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தேன். பின்னால் மூன்று பெட்டிகள் ஆடிக்கொண்டு வந்தன. பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன், தோழியரே, நீங்களும் கேளுங்கள்.

'அமெரிக்கன் ட்ரக் சிமுலேட்டர்' என்னும் இவ்விளையாட்டைச் செக் நாட்டுத் தலைநகர் பிராகிலுள்ள எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்டது. முதலில் பிறருடைய ட்ரெய்லரைத்தான் இழுக்க வேண்டும். 2018 முதல், பணம் சேர்ந்தால் சொந்த ட்ரெய்லரே வாங்கிக்கொள்ளலாம். (விளையாட்டுப் பணந்தான், ஆனாலும் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது!) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வண்ணம். அடுத்தது நீளம். அச்சு எத்தனை, அவை எங்கே அமைந்திருக்கின்றன என்று பார்ப்பவர் அரிது. மயிலிறகுக் குறளை மனப்பாடம் செய்த நாமே அச்சை மறக்கலாமா? அச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் பட்ட பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணனின் பேச்சைக் கேட்டு, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பெட்டிகள் கோத்த தொடர் ட்ரெய்லர் ஒன்றை வாங்கினேன். என்ன கம்பீரம்! ரயில் வண்டியைப் போல இருந்தது. ரீனோ நகரிலிருந்து சாக்ரமெண்டோவுக்குச் சுமார் 130 மைல்தான். மலையைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் அது கலிபோர்னியா. அங்கே மூன்று பெட்டித் தொடருக்கு அனுமதி கிடையாது. சேர்த்த பணமெல்லாம் போட்டு வாங்கிய வண்டி எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தவும் என்னால் முடியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கோபத்தில், இது என்ன அநியாயச் சட்டம் என்று தேடிப் படித்தேன். விளையாட்டுக்காரர்கள் தாமாகக் கட்டிய விதியன்று, உண்மையான விதியே. இவ்வளவு நீளமான தொடர்களை 1991-இல் எந்தெந்த மாநிலங்கள் அனுமதித்திருந்தனவோ அவற்றோடு நிற்கட்டும் என்று அமெரிக்க மைய அரசு சட்டம் செய்துவிட்டது. நெவாடா அதில் அகப்பட்டது, கலிபோர்னியா அகப்படவில்லை.

ஒரே பெட்டியுள்ள 53 அடி ட்ரெய்லருக்கும் கலிபோர்னியாவில் ஒரு நிபந்தனை உண்டு. இழுவை வண்டியோடு பெட்டியைப் பிணைக்கும் முளைக்குக் கிங்பின் என்று பெயர். அதிலிருந்து இரட்டை அச்சின் கடைசி அச்சு வரை 40 அடிக்கு மேல் போகக்கூடாது. ஏனென்றால், பின்சக்கரம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு அது திருப்பத்தில் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அங்கே நடைபாதையில் நிற்பவரின் கதி என்ன?

அதற்காக அச்சை முன்னே தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. நாம் அறிவியலில் படித்த திருப்புத்திறன் இங்கே வந்து நிற்கிறது. கிங்பின்னிலிருந்து அச்சுகளின் நடுவிடம் 40 அடியிலும் சரக்கின் மையம் 20 அடியிலும் இருந்தால், சரக்கின் பாரத்தை முன்னும் பின்னும் சரிபாதியாகத் தாங்கும். அச்சுகளை 32 அடிக்குக் கொண்டுவந்தால் எட்டில் ஐந்து பங்கு அவற்றின் தலையில் விழுந்துவிடும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய பதினைந்தரை டன்தான் எல்லை. ஒற்றை அச்சுக்கு 20,000. முழு வண்டிக்கும் 80,000. மொத்தம் சரியாக இருந்து, ஓர் அச்சில் மட்டும் மிகுந்தாலும் குற்றமே. தேர்வில் கணக்கிட்டபோது இல்லாத சுவை இதில் எனக்கு இருந்தது.

தட்டையான ட்ரெய்லர்கள் சிலவற்றில் இரண்டு அச்சுகளையும் பத்தடிக்கு மேல் விலக்கி வைத்திருப்பார்கள். அப்போது அவை இரண்டு ஒற்றை அச்சுகளாக எண்ணப்படும். 34,000-க்குப் பதிலாக 40,000 பவுண்டு ஏற்றலாம். ஆனால் குறுகிய திருப்பத்தில் டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். சும்மா கிடைப்பது எதுவுமில்லை!

இடைவெளிக்கு ஏன் இந்த மரியாதை? பாலத்துக்காக. ஒரே பாரம் ஓரிடத்தில் குவிந்தால் பாலத்தின் உத்திரம் அதிகமாக வளையும்; பரவி நின்றால் தாங்கிக்கொள்ளும். அச்சுகளின் எண்ணிக்கையையும் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் உள்ள தூரத்தையும் வைத்து, ஏற்றத்தக்க எடையைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை அந்நாடு 1974-இல் சட்டமாக்கியது. ஐந்து அச்சும் 51 அடி இடைவெளியும் போட்டுப் பார்த்தேன். 79,875 வந்தது. அதை 80,000 என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள்.

சாலையின் கதை இன்னும் மோசம். 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கருகே, சோதனைக்கென்றே வளையச் சாலைகள் போட்டு, இராணுவ வீரர்களைக் கொண்டு லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் சேதம் இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. இதைப் படித்த அன்று நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. அச்சில் மிச்சம் பிடிப்பவர் ஒருவர். குழியில் விழுபவர் வேறொருவர்.

விளையாட்டின் மீது எனக்குள்ள குறையும் இதுதான். வழியில் எடை நிலையங்கள் இருக்கின்றன. அழைத்தால் உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் அபராதம். ஆனால் உள்ளே போன பிறகு, இந்த அச்சில் பாரம் மிகுந்துவிட்டது, மாற்றி ஏற்று என்று ஒருநாளும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. கண்ணாடி துடைப்பானையும் திருப்ப விளக்கையும் அத்தனை நுட்பமாக அமைத்தவர்கள் இதையும் அமைத்திருக்கலாம்.

"கணிப்பொறியில் இருக்கிற பாலம் இடிந்தா விழும்?" என்று அண்ணன் சிரிக்கிறான். விழாதுதான். ஆனால் சிவப்பு விளக்கில் அவனும்தான் நிறுத்துகிறான். அங்கே மட்டும் உண்மையான மனிதரா குறுக்கே வருகிறார்? விதியை மதிப்பதற்குத்தானே சிமுலேட்டர் என்று பெயர். இல்லாவிட்டால் பந்தயக் கார் விளையாட்டே போதுமே.

இப்போது நான் இரண்டு அச்சுள்ள 53 அடி ட்ரெய்லர் ஒன்றையே கலிபோர்னியாவுக்கு ஓட்டுகிறேன். பார்வைக்குச் சாதாரணந்தான். முதல் பயணத்தின்போது பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாக்ரமெண்டோ வரை கூடவே வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "பின்சக்கரம், பின்சக்கரம்" என்று கூவினார்கள். மூன்று பெட்டித் தொடர் இன்னும் ரீனோவிலேயே கிடக்கிறது. வாங்கிய விலை கிடைக்காது என்று அண்ணன் அதை விற்கவே விடமாட்டேன் என்கிறான்.