வெர்ஸ்=1.0 போடாதீங்க சாமி!

மக்களே, பொட்டி தட்டுற வேலைக்குப் போனவன் லீவுக்கு ஊருக்கு வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன பிரச்சினை, வந்து பார்த்துட்டுப் போயேன்." எனக்கு ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போற வழி. சர்க்கரை ஆலை, கோமுகி அணைன்னு சொன்னா சிலருக்குப் புரியும்.

ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடைன்னு நான் போய்ப் பார்த்த இடமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். மூலையில் ஒரு கிழட்டு எக்ஸ்பி பொட்டி. பழைய ஸ்கேனர் அதில் மட்டும்தான் ஓடும். அதிலேயே 'டேட்டா'ன்னு ஒரு ஷேர். பாஸ்வேர்டு கிடையாது, யார் வேணா எழுதலாம், யார் வேணா அழிக்கலாம். பக்கத்துல செகண்ட் ஹேண்டுல வாங்கின இன்னொரு பொட்டி, அதுல உபுண்டு. இதுலேர்ந்து அந்த ஷேரைத் திறக்கணும், அவ்வளவுதான் வேலை.

டெர்மினலைத் திறந்து மவுன்ட் கட்டளையில் சிஃப்ஸ்னு சொல்லி, ஷேரோட முகவரியையும் ஒரு காலி ஃபோல்டரையும் கொடுத்தா வர்ற பதில்: எரர் 112, ஹோஸ்ட் இஸ் டவுன். அதாவது அந்தப் பொட்டி அணைஞ்சு கிடக்காம். பிங் பண்ணிப் பார்த்தா ஜம்முன்னு பதில் சொல்லுது! :-)

விஷயம் என்னன்னா, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை இல்லை. எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது எஸ்எம்பி முதல் பதிப்பு மட்டும்தான், 1980களோட சரக்கு. லினக்ஸும் முன்னாடி அதைத்தான் பேசிட்டிருந்தது. 2017ல் கெர்னல் 4.13 வந்தப்போ மாத்திட்டாங்க. இப்போ நாமா சொன்னாலொழிய 2.1க்குக் கீழே இறங்காது. தேடினா எல்லாரும் சொல்ற ஒரே வைத்தியம், கட்டளையோட கடைசியில் வெர்ஸ்=1.0 சேர். சேர்த்த உடனே ஃபோல்டர் திறக்கும், கடைக்காரர் முகம் மலரும், டீ வரும். 'ரொம்பப் பழைய சர்வருக்குத் தவிர இது வேண்டாம்'னு கெர்னல் மட்டும் லாகில் முனகிட்டிருக்கும். அதை யார் படிக்கிறா?

எனக்கு இந்த வைத்தியத்தில் உடன்பாடு இல்லை. வெர்ஸ்=1.0 போட்டதால உபுண்டுக்குள்ள வைரஸ் வந்துடும்னு சிலர் பயமுறுத்துறாங்க, அது வேற கதை. ஓட்டை எதிர்ப்பக்கம் இருக்கு. 2017 மே மாசம் வானாக்ரை பரவினது விண்டோஸில் இந்த முதல் பதிப்பைக் கையாளுற இடத்தில் இருந்த ஓட்டை வழியாத்தான். மைக்ரோசாஃப்ட் அதுக்கான பேட்சை மார்ச்சிலேயே விட்டாச்சு, போடாதவங்க மாட்டினாங்க. பெரிய ஆஸ்பத்திரி, கம்பெனி மட்டும் இல்லை, வயநாட்டில் தரியோடுன்னு ஒரு கிராமப் பஞ்சாயத்து ஆபீசும் மாட்டுச்சு. நம்ம ஊர் மாதிரிதான். 2014லேயே ஆதரவு முடிஞ்சுபோன எக்ஸ்பிக்குக்கூட அவசரமா ஒரு பேட்ச் வந்தது. நம்ம கடைப் பொட்டிகளில் எத்தனை பேர் போட்டிருப்பாங்க? சொல்லுங்க.

அந்த 'டேட்டா' ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு நினைச்சுப் பாருங்க. பல வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து. மலையிலிருந்து பஸ் பிடிச்சு இறங்கி வந்து, செத்துப்போன அப்பாவைக் குரூப் போட்டோவிலிருந்து தனியா வெட்டிப் பெரிசு பண்ணிக் கேட்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்கு அந்த ஒரு படம்தான். அது இருக்கிற ஒரே இடம் இந்தப் பொட்டி.

எரர் வர்ற அந்த அஞ்சு நிமிஷம்தான் கடைக்காரர் நாம சொல்றதைக் காது கொடுத்துக் கேட்பார். அண்ணே, இந்தப் பொட்டிக்கு வயசாயிடுச்சு, படமெல்லாம் வேற இடத்துக்குப் போகணும்னு அப்போ சொன்னாத்தான் உண்டு. வெர்ஸ்=1.0 போட்டு வாயை அடைச்சுட்டா, அடுத்து ஹார்டு டிஸ்க் போனப்புறம்தான் கூப்பிடுவார்.

நான் செய்யறது இதுதான். ஒரே ஒரு தடவை வெர்ஸ்=1.0, கூடவே ஆர்ஓ, அதாவது படிக்க மட்டும். மொத்தத்தையும் உபுண்டுக்கு இழுத்துட்டு அன்மவுன்ட். வெளி டிஸ்கில் இன்னொரு நகல். இனிமே ஷேர் உபுண்டுல, சாம்பா போட்டு, பாஸ்வேர்டோட. எக்ஸ்பியின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிடலாம். எப்படியும் 2019ல் வந்த சாம்பா 4.11லிருந்து முதல் பதிப்பைத் தானா பேச விடறதில்லை. ஸ்கேன் பண்ணினதை பென்டிரைவில் எடுத்துட்டு வரட்டும். பழசு விண்டோஸ் 7ன்னா இந்தக் கூத்தே வேண்டாம், அதுக்கு 2.1 தெரியும். அதுலயும் வெர்ஸ்=1.0 போடறவங்களைப் பார்த்திருக்கேன், ஏன்னு கேட்டா "போட்டா ஓடுதுல்ல" :-(

பென்டிரைவ் தொல்லைன்னு ஸ்டூடியோ அண்ணன் இன்னும் முணுமுணுத்துட்டுத்தான் இருக்கார். புது ஸ்கேனர் விலை விசாரிக்கச் சொல்லியிருக்கார், அடுத்த லீவுக்குள்ள பார்க்கணும்.